சாம்பிராணி குடித்த பெட்டி

பெட்டிக்குப் பூஜை போடலாம் என்று முதலில் சொன்னது யார் என்று மாரிகுப்பத்தில் சுரங்கத் தொழிலாளர் வீடுகள் நிற்கும் அந்த லைன் முழுக்கப் பிறகு சண்டை நடந்தது. ஆர்தர் தான் வாயே திறக்கவில்லை என்று நெற்றியில் சிலுவை போட்டுச் சத்தியம் செய்தார். பக்கத்து வீட்டு பாக்யலட்சுமி, தான் வாழைக்கன்று மட்டும்தான் கொண்டுவந்ததாகச் சொன்னாள். குணசுந்தரி எதுவும் சொல்லவில்லை. சொன்னது அவள் அப்பா ராஜப்பா. செய்தது அவள்.

பெட்டி பொதுக் குழாய்க்கு எதிரே, கம்பி வேலி போட்ட தகரக் கொட்டகையில் நின்றது. பீரோ உயரம், சாம்பல் நிறம். பெங்களூரில் பணக்காரர்கள் ஓட்டும் கரண்ட் கார்களின் பழைய பேட்டரிகள் அதற்குள் இருந்தன. காருக்குப் போதாத பேட்டரி வீட்டுக்குப் போதும், குப்பையில் போடாமல் இன்னும் பல வருடம் உழைக்க வைக்கலாம் என்று கார் கம்பெனி சொன்னது. கொட்டகைக் கூரையில் சோலார் தகடுகள். கரண்ட் போனால் வீட்டுக்கு ஒரு பல்பு எரியும். ராஜப்பாவின் ஆக்ஸிஜன் மிஷினுக்கு மட்டும் தனி ஒயர்.

பூமியைக் காப்பாற்றும் திட்டம் என்று கம்பெனிக்காரர்கள் விளக்கியபோது ராஜப்பா சிரித்துச் சிரித்து இருமினார்.

"பூமிய ஓட்ட போட்டது நாங்க. அத அடைக்கறதுக்கு எங்க வீட்டாண்டயே வந்துட்டானுங்க பாரு."

அவர் இளம் வயதிலிருந்து தங்கச் சுரங்கத்தில் பாறை துளைத்தவர். சுரங்கம் மூடிய பிறகு மூச்சு மெல்ல மெல்ல மூடியது. டாக்டர் நீளமாக ஒரு பெயர் சொன்னார். லைனில் அதற்கு டஸ்ட்டு என்று பேர். கொரோனா ஓய்ந்து ஆக்ஸிஜன் மிஷின் விலை இறங்கியபோது குணசுந்தரி பழையதாக ஒன்று வாங்கிப்போட்டாள். கல்யாணம் சரிப்படாமல் திரும்பி வந்தவள். விடியுமுன் ரயிலேறி பெங்களூர் போய், ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் துப்புரவு ஆட்களை மேய்த்துவிட்டு, இருட்டியபின் திரும்புவாள். பகலெல்லாம் அப்பாவுக்குத் துணை அந்த மிஷினும், மிஷினுக்குத் துணை பெட்டியும்தான்.

பெட்டி வந்த புதிதில் கம்பெனி ஒரு படம் எடுத்தது. ராஜப்பாவை நாற்காலியில் உட்காரவைத்து, மூக்கில் குழாய் தெரிகிற மாதிரி முகத்தைத் திருப்பச் சொன்னார்கள்.

"மூச்சு வாங்காம ஒரு தடவ சிரிங்க ஐயா" என்றான் கேமராக்காரன்.

"மூச்சு வாங்கலன்னா உனுக்கு இன்னாத்துக்குடா இந்தப் படம்?" என்றார் ராஜப்பா. அந்த இடத்தை வெட்டிவிட்டு மீதியை பெங்களூரில் கார் விற்கும் கடையில் பெரிய திரையில் ஓட்டினார்கள் என்று கேள்வி.

ஆயுத பூஜை அன்று காலை அவர் ஆரம்பித்தார்.

"சொரங்கத்துல தல லைட்டுக்கு சார்ஜ் ஏத்துவமே, அந்த லேம்ப் ரூமுக்குப் பூஜை உண்டா இல்லியா?"

"அது லேம்ப் ரூம் இல்ல நைனா. பேட்டரிப் பெட்டி."

"சார்ஜ் ஏத்தி வெளிச்சம் குடுக்குதா?"

"இட்லி ஆறுது. துன்னு."

"அப்ப லேம்ப் ரூம்தான். நாங்க கீழ எறங்கற கேஜுக்குப் பூஜை போட்டோம். கேஜ இழுக்கற மிஷினுக்குப் போட்டோம். தலைல கவுத்துக்கற தொப்பிக்குக்கூடப் பொட்டு வெச்சோம். மூச்சு குடுக்கற பெட்டிக்கு ஒரு பொட்டு வெக்க உனுக்குக் கை வலிக்குதா?"

"உனுக்குத்தான் அது மூச்சு குடுக்குது. எனுக்குக் கை வலிதான்."

அவர் ஒரு வாக்கியத்தை மூன்றாக உடைத்துத்தான் பேசுவார். இடையிடையே மூச்சுக்கு நிறுத்துவார். அந்த இடைவெளியில் நாம் புகுந்து மறுத்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் நிறுத்திய இடத்திலேயே மீண்டும் தொடங்குவார். குணசுந்தரிக்கு இந்த வழக்கில் ஒரு நாளும் ஜெயித்த ஞாபகம் இல்லை.

வேலிச் சாவி ஆர்தரிடம் இருந்தது. கம்பெனி அவரைப் பொறுப்பாளர் ஆக்கி, இலைப் படம் போட்ட பச்சைத் தொப்பி ஒன்றும் கொடுத்திருந்தது. தூங்கும்போது மட்டும் அதைக் கழற்றுவார்.

"பொட்டு, பூ, அவ்ளோதான். உள்ள கைய விடக் கூடாது. ஸ்டிக்கர்ல போட்டுக்கீது" என்றார்.

"இன்னா போட்டுக்கீது?"

"இங்கிலீஷ்ல போட்டுக்கீது."

வேலி திறந்ததும் லைனே வந்துவிட்டது. பெட்டிக்குச் சந்தனம் தடவி மூன்று பட்டை இழுத்தார்கள். சாமந்தி மாலை போட்டார்கள். பாக்யலட்சுமி வாழைக்கன்றை வேலிக் கம்பியில் கட்டினாள். பூசணிக்காயை ஆர்தர்தான் வருடா வருடம் உடைப்பார். கிறிஸ்தவர் உடைத்தால் செல்லுமா என்று லைனில் யாரும் கேட்டதில்லை, அவர் உடைத்தால்தான் ஒரே போடில் உடையும்.

ராஜப்பா வாசலில் நாற்காலி போட்டு, நீளக் குழாயோடு உட்கார்ந்து உத்தரவு போட்டார்.

"ஊதுவத்தி எங்கடி? அந்தப் பக்கத்துல வரி வரியா ஓட்ட கீதே, அதுல சொருவு."

பெட்டியின் பக்கவாட்டில் காற்றுப் போக வரிசையாக ஓட்டைகள் இருந்தன. ஊதுவத்திக்கென்றே போட்டுவைத்த மாதிரி இருந்தது. குணசுந்தரி கட்டைப் பிரித்துச் சொருகினாள். பிறகு தணல் போட்ட தூபக்காலில் சாம்பிராணியை அள்ளிப் போட்டு, பெட்டியைச் சுற்றிக் காட்டினாள்.

அப்போதுதான் அது நடந்தது. ஓட்டைகளுக்கு நேரே தூபக்காலை நீட்டியதும், மேலே போய்க்கொண்டிருந்த புகை திரும்பி, பெட்டிக்குள் சர்ரென்று போனது. உள்ளே எங்கோ விசிறி சுற்றும் சத்தம்.

"ஐயோ, பாருடி! இழுத்துக்குது!" என்று பாக்யலட்சுமி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"சாமி ஏத்துகிச்சு" என்றாள் இன்னொருத்தி.

"இன்னும் போடு, இன்னும் போடு" என்று வாசலிலிருந்து ராஜப்பா.

குணசுந்தரி இன்னும் போட்டாள். பெட்டி அத்தனையையும் குடித்தது. கூட்டத்தில் ஒருவருக்கும் அது விசிறி என்று தோன்றவில்லை. தோன்றியவர்கள் நல்ல நாளில் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் பெட்டியின் நெற்றியில் பச்சையாக எரிந்துகொண்டிருந்த சின்ன விளக்கு அணைந்து, சிவப்பாக எரிந்தது. விசிறிச் சத்தம் நின்றது.

"கண்ணு தொறந்துட்டாரு" என்றார் ஆர்தர்.

எல்லோரும் கும்பிட்டுவிட்டு, பொரி கடலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

மத்தியானம் சாப்பிட்டு முடிக்கும்போது காற்று கிளம்பியது. சுரங்கத்தில் கல்லை அரைத்துத் தங்கம் எடுத்த பிறகு கொட்டிய சயனைடு மண், லைனுக்குப் பின்னால் குன்று குன்றாகக் கிடக்கிறது. காற்றடித்தால் அது மாவு மாதிரி எழும்பி வீட்டுக்குள் வரும். குணசுந்தரி ஜன்னலைச் சாத்தி, வாசலுக்கு ஈரப் புடவையைக் கட்டுவதற்குள் மழை வந்துவிட்டது. பக்கத்து ஊரான ஊரிகத்தில் எங்கோ மரம் முறிந்து விழுந்த மாதிரி பெரிய சத்தம். மின்விசிறி நின்றது. ஆக்ஸிஜன் மிஷின் கீயென்று கத்த ஆரம்பித்தது.

வழக்கமாக அது இரண்டு கத்து கத்தும். அதற்குள் பெட்டி பிடித்துக்கொள்ளும். இன்று கத்திக்கொண்டே இருந்தது.

"ஆர்தர் மாமா! பெட்டி எடுக்கல!"

ஆர்தர் நனைந்துகொண்டே கொட்டகைக்கு ஓடி, எதையோ அமுக்கி, எதையோ தட்டிவிட்டுத் திரும்பி வந்தார். "செவப்பு அப்படியே கீதும்மா" என்றார்.

"கண்ணு தொறந்துட்டாருன்னு சொன்னீங்களே, மூடச் சொல்லுங்க!"

கட்டிலுக்கடியில் ஒரு சின்ன சிலிண்டர் இருந்தது. அதை மாட்டினாள். முள் பாதிக்கும் கீழே நின்றது. பண்டிகைக்கு முன் நிரப்பிவிட வேண்டும் என்று நினைத்திருந்தாள். நினைத்ததோடு சரி. இருட்டுவதற்குள் அது தீர்ந்துவிடும்.

பிறகு அவள் போனை எடுத்தாள். அந்தப் பிற்பகல் முழுக்க அந்தப் போனும் கையுமாகத்தான் போயிற்று.

ஆம்புலன்ஸுக்குப் போட்டாள். வண்டி பங்காரப்பேட்டை போயிருக்கிறது, திரும்பியதும் அனுப்புகிறோம் என்றார்கள். அப்பா கையை ஆட்டினார்.

"ஆஸ்பத்திரிக்கு நான் வரமாட்டேன். என் ஷிஃப்ட்டு ஆளுங்க எல்லாம் அங்கதான் போனானுங்க. ஒருத்தன் வந்தானா?"

"வாய மூடிகினு மூச்சு விடு நைனா."

ராபர்ட்சன்பேட்டையில் கல்யாணத்துக்கு ஜெனரேட்டர் வாடகைக்கு விடும் துளசிராமனுக்குப் போட்டாள்.

"அடடா. இப்பத்தானேம்மா பூஜையில வெச்சேன்" என்றார் அவர். "மாலையெல்லாம் போட்டாச்சு. பூஜையில வெச்சத நாளைக்குக் காலைலதான் எடுக்கறது வழக்கம். உனக்குத் தெரியாததா?"

"அண்ணே, எங்க நைனாவுக்கு மூச்சு."

"சரிம்மா, சரிம்மா. வீட்ல ஒரு வார்த்த கேட்டுட்டுக் கூப்புடறேன்."

அவர் வீட்டில் என்ன கேட்டாரோ, கூப்பிடவில்லை.

கம்பெனியில் இந்தத் திட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு ஸ்வாதி என்று பேர். பெங்களூர்த் தமிழ்ப் பெண். படம் எடுக்க வந்தபோது குணசுந்தரியை அக்கா அக்கா என்று கூப்பிட்டு, ராகி களி கேட்டு வாங்கிச் சாப்பிட்டுப் போனவள். ஸ்வாதி உடனே எடுத்தாள்.

"அக்கா! ஹேப்பி ஆயுத பூஜா!"

"ஸ்வாதிம்மா, பெட்டி நின்னுபோச்சு. இங்க கரண்ட்டும் இல்ல. நைனா சிலிண்டர்ல கீறாரு. யாரயாச்சும் அனுப்பு."

"ஓ நோ. எப்போலருந்து அக்கா?"

"காலைல பூஜை போட்டோம். அப்பலருந்து செவப்பு லைட்டு."

"பெட்டிக்கே பூஜை போட்டீங்களா? சோ ஸ்வீட்! போட்டோ இருந்தா அனுப்புங்கக்கா, எங்க பேஜ்ல போடலாம்." பிறகு அவளுக்கே ஏதோ உறைத்தது. குரல் தாழ்ந்தது. "அக்கா... கற்பூரம் கிற்பூரம் ஏதாவது காட்டினீங்களா?"

"சாம்பிராணி."

ஸ்வாதி உச்சுக் கொட்டினாள்.

"புகை பட்டதும் ஸ்மோக் சென்சார் பெட்டிய லாக் பண்ணிருக்கும்க்கா. அத சர்வீஸ் ஆள்தான் ஓப்பன் பண்ணணும். நான் ஊருக்கு வந்திருக்கேன். எங்க டீம் ஃபுல்லா லீவு. நான் ஒரு டிக்கெட் ரெய்ஸ் பண்றேன், மண்டே ஃபர்ஸ்ட் திங் பார்க்கச் சொல்றேன்."

"திங்கக்கெழமயா? இவருக்கு இன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும்தான் கீது."

"ஐயோ அக்கா, அப்படிச் சொல்லாதீங்க. ஹாஸ்பிடல் கூட்டிட்டுப் போங்க, ப்ளீஸ். நான் என் மேனேஜருக்கு இப்பவே மெசேஜ் போடறேன்."

அவள் போட்டிருப்பாள். நல்ல பெண்தான். குணசுந்தரிக்கு அதுதான் எரிச்சலாக இருந்தது. கெட்டவளாக இருந்தால் நாலு வார்த்தை திட்டியாவது இருக்கலாம்.

ஆர்தர் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, அதன் பின்பக்கம் ஒட்டியிருந்த சிவப்பு ஸ்டிக்கரில் ஒரு நம்பரைக் கண்டுபிடித்தார். அவசரத்துக்கு, இரவும் பகலும் என்று இருந்தது. குணசுந்தரி போட்டாள். ஒரு வாத்தியம் வாசித்தது. பொறுமைக்கு நன்றி என்றது. இன்னும் வாசித்தது. தமிழுக்கு எந்த எண்ணோ, அதை அமுக்கியதும் ஒரு பையன் வந்தான். பத்திரிகை படிக்கிற மாதிரி பேசினான்.

"வணக்கம் மேடம். முதலில், நீங்கள் பாதுகாப்பான இடத்தில் இருக்கிறீர்களா?"

"மாரிகுப்பத்துல கீறேன்."

"நன்றி மேடம். ஸ்டிக்கரில் உள்ள எண்ணைச் சொல்ல முடியுமா?"

சொன்னாள். தட்டினான்.

"உங்கள் கார் அடர் நீல நிறம். சரிதானே மேடம்?"

"காரு இல்லீங்க, பெட்டி. சாம்பல் கலர்ல கீது."

"நிறத்தை வெளியே மாற்றினீர்களா மேடம்? அப்படி மாற்றினால் வாரண்டி பொருந்தாது."

"ஐயா, அது காரே இல்ல. காருலருந்து பேட்டரிய எடுத்துப் பெட்டில போட்டு எங்க லைன்ல வெச்சிருக்கீங்க. பூமியக் காப்பாத்தறதுக்கு. நெனப்பு இருக்குதா?"

மறுபடி தட்டினான். "புரிகிறது மேடம். அது எங்கள் இரண்டாம் வாழ்வுத் திட்டம். அருமையான திட்டம் மேடம். ஆனால் இந்த எண் கார் உரிமையாளர்களுக்கு மட்டும். திட்டம் பற்றிய கருத்துகளை எங்கள் பசுமைப் பிரிவுக்கு மின்னஞ்சலில் அனுப்பலாம். முகவரி சொல்லட்டுமா?"

"மின்னஞ்சல்ல மூச்சு வருமாய்யா?"

"மேடம்?"

வைத்துவிட்டாள். மழை விட்டிருந்தது. ராஜப்பா மாரைத் தூக்கித் தூக்கி மூச்சு எடுத்துக்கொண்டிருந்தார். சிலிண்டர் முள் சிவப்புக் கோட்டை நெருங்கியிருந்தது. பாக்யலட்சுமி சுண்டல் கிண்ணத்தோடு வந்து, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"இன்னா சொல்றான்?"

"காரு இருந்தாத்தான் வருவானாம்."

"காருன்னு சொல்லேண்டி" என்றாள் பாக்யலட்சுமி.

குணசுந்தரி அவளைப் பார்த்தாள். பாக்யலட்சுமி யோசனை எதுவும் இல்லாமல்தான் சொன்னாள். தெருவில் பந்து விளையாடும் பிள்ளைகளைத் துரத்தும்போது, அதோ போலீஸ் வருது என்பாளே, அந்த மாதிரி.

குணசுந்தரி அதே நம்பரை மறுபடி போட்டாள். வாத்தியம் முடிந்து இந்தத் தடவை ஒரு பெண் வந்தாள். குணசுந்தரி முந்திக்கொண்டாள். எண்ணைச் சொன்னாள். அடர் நீலம், மாரிகுப்பம் என்றாள்.

"கார்ல பொகை. வண்டி ஆஃப் ஆயிடுச்சு. உள்ள எங்க அப்பா இருக்காரு."

அந்தப் பக்கம் குரலே மாறிவிட்டது. "மேடம், பதற்றப்படாதீர்கள். நீங்கள் வெளியே வந்துவிட்டீர்களா? அப்பாவால் இறங்க முடியுமா?"

"முடியாது. அவரால எறங்க முடியாது. மூச்சு வாங்குது."

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

"உதவி வண்டி கோலார் நெடுஞ்சாலையில் இருக்கிறது மேடம். இப்போதே கிளம்புகிறது. இணைப்பிலேயே இருங்கள்."

அத்தனை நேரம் எங்கேயும் இல்லாத வண்டி கோலார் நெடுஞ்சாலையில் இருந்தது.

காத்திருந்த நேரத்தில் ஆர்தரும் அவளும் ராஜப்பாவை நாற்காலியோடு தூக்கிக் கொட்டகைக்குள் கொண்டுபோய், பெட்டிக்கு அருகில் வைத்தார்கள். மிஷினையும் எடுத்து வந்தார்கள். வண்டி வந்ததும் ஒரு நிமிடமும் வீணாகக் கூடாது. ஆர்தர் அவர் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"ராஜப்பண்ணே, வண்டி வருது. கெட்டியாப் புடிச்சிகினு இரு."

"இன்னா வண்டி?"

"உனுக்காக காரு சொல்லிக்கீறா உம் பொண்ணு."

"ஏர் கண்டிஷனா?" என்றார் ராஜப்பா. அதற்கே அவருக்கு இரண்டு மூச்சு செலவானது. உதடு கறுத்திருந்தது.

வெளிச்சம் மங்கும் நேரத்தில், காரை ஏற்றிப் போகும் நீள முதுகு லாரி ஒன்று லைனுக்குள் வளைந்து வந்தது. முகப்பில் இரண்டு பக்கமும் வாழைக்கன்று. கண்ணாடியில் குங்குமப் பட்டை. பக்கவாட்டில் இலைப் படமும் புகையில்லா உலகம் என்ற பொருளில் ஏதோ கன்னட எழுத்தும். பின்னால் டீசல் புகை லைன் முழுக்க நிறைந்தது. கரண்ட் கார் கம்பெனியின் லாரி டீசலில் ஓடியது.

ஓட்டி வந்தவன் குதித்து இறங்கினான். சட்டையில் மஞ்சுநாத் என்று இருந்தது.

"காரு எல்லி? ஆள் உள்ள இருக்குன்னாங்களே, எங்கம்மா காரு?"

குணசுந்தரி கொட்டகையைக் காட்டினாள்.

அவன் பெட்டியைப் பார்த்தான். சந்தனப் பட்டையைப் பார்த்தான். மாலையை, ஓட்டைகளில் எரிந்து தீர்ந்த ஊதுவத்திக் குச்சிகளை, நாற்காலியில் கண் மூடியிருந்த ராஜப்பாவைப் பார்த்தான்.

"அய்யோ தேவரே" என்றான். பிறகு கோபம் வந்தது. "ஏனம்மா இது? பண்டிகை நாள்ல இலையில போட்ட ஊட்டாகூட முடிக்காம ஓடி வரேன். பொய் சொல்லி வரவெப்பீங்களா? என் வேலை போயிடும், கொத்தா, தெரியுமா?"

"போவட்டும். மொதல்ல அதத் தொற."

"முடியாது. கார்னு சொல்லிருக்காங்க. கார் இல்ல. நான் திரும்பிப் போகணும்."

"நீ உன் லாரிக்கு இன்னைக்குப் பூஜை போட்டியா இல்லியா?"

அவன் லாரி முகப்பிலிருந்த வாழைக்கன்றைத் திரும்பிப் பார்த்தான்.

"சாம்பிராணி காட்டினியா?"

"காட்டினேன்."

"நாங்களும் அதான் காட்டினோம். உன் லாரி வாய மூடிகினு இருந்துச்சு. இது குடிச்சிருச்சு. எங்க தப்பாய்யா? இங்க ஒரு பல்பு மாட்டணும்னாலும் படம் எடுக்க எத்தினி பேரு வர்றீங்க. சாம்பிராணி காட்டாதீங்கன்னு தமிழ்ல ஒரு வரி எழுத ஒருத்தனுக்குக் கை வரலியா?"

சிலிண்டர் உஸ்ஸென்று ஒரு சத்தம் போட்டு அடங்கியது. ராஜப்பாவின் தலை ஒரு பக்கம் சாய்ந்தது. ஆர்தர் அதைத் தாங்கிப் பிடித்தார்.

மஞ்சுநாத் லாரிக்கு ஓடினான். திரும்பி வரும்போது கையில் லேப்டாப்பும் ஒயரும் இருந்தன. பெட்டியின் கதவைத் திறந்ததும் அடைந்திருந்த சாம்பிராணி வாசனை குப்பென்று வந்தது. ஒரு வலையை உருவித் தொடையில் தட்டினான். கருப்பாகக் கொட்டியது. ஒயரைச் சொருகி, கம்பெனிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். அந்தப் பக்கம் ஓர் ஆள் கன்னடத்தில் பேசினான். லைனில் எல்லோருக்கும் கன்னடம் தெரியும் என்பதால் எல்லோரும் கேட்டார்கள்.

"புகை என்று புகார் இருக்கிறது. வண்டியைத் திறக்க அனுமதி இல்லை. லாரியில் ஏற்றிக் கொண்டுவா."

"சார், வண்டி இல்ல சார். பெட்டி."

"சிஸ்டத்தில் வண்டி என்றுதான் இருக்கிறது. பயணி இறங்கிவிட்டாரா?"

மஞ்சுநாத் லேப்டாப்பைப் பார்த்தான். நாற்காலியில் சாய்ந்திருந்த ராஜப்பாவைப் பார்த்தான்.

"இன்னும் இல்ல சார். உள்ளதான் இருக்காரு."

"உள்ளே ஆள் இருந்தால் காற்றுக்கு மட்டும் கரண்ட் விடு. ஆள் இறங்கியதும் பூட்டி ஏற்றிவிடு. உள்ளே ஆளை வைத்துக்கொண்டு ஏற்றக் கூடாது, தெரியுமல்லவா?"

"கொத்து சார்."

அவன் எதையோ அழுத்தினான். பெட்டிக்குள் விசிறி சுற்ற ஆரம்பித்தது. நெற்றி விளக்கு சிவப்பிலிருந்து மஞ்சளுக்கு வந்தது. ஆக்ஸிஜன் மிஷின் ஒரு முறை கத்தி, பிறகு அதன் வழக்கமான பெருமூச்சை விட ஆரம்பித்தது. குணசுந்தரி குழாயை அப்பாவின் மூக்கில் பொருத்தி, இரண்டு கையாலும் அவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள். குழாயடியில் எங்கோ சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது.

வெகு நேரம் கழித்து ராஜப்பா கண்ணைத் திறந்தார். முதலில் லாரியைத்தான் பார்த்தார்.

"இன்னாடி இது, காருன்ன, பொகை வண்டி வந்து நிக்குது."

பாக்யலட்சுமி அழுதுகொண்டே சிரித்தாள். கையிலிருந்த சுண்டல் கிண்ணத்தை மஞ்சுநாத்திடம் நீட்டினாள். அவன் கொட்டகைப் படியில் உட்கார்ந்து பசியோடு சாப்பிட்டான். நடுவில் போன் அடித்தது.

"பயணி இறங்கிவிட்டாரா?"

"இல்ல சார்."

கொஞ்ச நேரத்தில் மறுபடி அடித்தது.

"இறங்கிவிட்டாரா?"

"வயசானவரு சார். நிதானமாத்தான் எறங்கணும்."

தெருவிளக்கு இரண்டு முறை மினுக்கிவிட்டு எரிந்தது. வீடுகளில் வெளிச்சம் வந்தது. பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். ஊரிகத்தில் கம்பி மேல் விழுந்த மரத்தை அப்புறப்படுத்திவிட்டார்கள் போலிருந்தது. மஞ்சுநாத் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தான். குணசுந்தரியின் முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

"அம்மா, கரண்ட் வந்துருச்சு. மிஷின வீட்ல மாட்டிக்கலாம். பெட்டிய நான் ஏத்தணும்."

"ஏத்திட்டு?"

"செக் பண்ணி அனுப்புவாங்க."

"எப்ப?"

அவன் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். அனுப்பப்போவதில்லை என்று அவனுக்கும் தெரிந்திருந்தது. சிஸ்டத்தில் கார் என்று இருப்பது கார் இருக்கும் இடத்துக்குப் போய்விடும். ஊரிகத்துக்கு மேல் இன்னும் மின்னிக்கொண்டிருந்தது. விளக்கு இன்னொரு முறை மினுக்கியது. சிலிண்டர் காலியாகக் கீழே கிடந்தது. அவள் காலையில் செய்ததற்கும் மாலையில் சொன்னதற்கும் சேர்த்து, பெட்டியே போகப் போகிறது. திங்கட்கிழமை முதல் வேலையாக ஸ்வாதி சொல்லி ஆள் பார்க்க வரும்போது வேலியும் வாழைக்கன்றும் இருக்கும்.

"நான் இன்னா பண்ணட்டும்?" என்று யாரையும் பார்க்காமல் கேட்டாள். கத்துவதற்குக்கூட அவளிடம் தெம்பு இல்லை. "சொல்லுங்க, யாராச்சும் சொல்லுங்க. உண்மையச் சொன்னா வரமாட்டேங்கறான். பொய்யச் சொன்னா வந்து தூக்கிகினு போறான்."

போன் அடித்தது. மஞ்சுநாத் ஸ்பீக்கரில் போட்டான்.

"ரொம்ப நேரம் ஆகிறது. பயணி இறங்கிவிட்டாரா இல்லையா?"

மஞ்சுநாத் ராஜப்பாவைப் பார்த்தான். ராஜப்பா நாற்காலியை இழுத்துப் பெட்டியோடு ஒட்டிப் போட்டுக்கொண்டார். சந்தனம் கையில் ஒட்டியது. வேட்டியில் துடைத்துக்கொண்டு, சாய்ந்து உட்கார்ந்தார்.

"ஆர்தரு, ஒரு போர்வ எடுத்தா" என்றார். பிறகு போனுக்கு நேராகத் திரும்பி, மூன்று மூச்சில், நிதானமாகச் சொன்னார்.

"எறங்கல... எங்க ஊரு... இன்னும் வரலன்னு சொல்லு."

மஞ்சுநாத் போய் லாரி இன்ஜினை அணைத்துவிட்டு வந்து படியில் உட்கார்ந்தான்.